முத்தமிழுக்கு வந்த சுகர்

முத்தமிழை நடக்கவைக்க வேண்டும் என்று அரியலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னபோது, தன் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று லீலாவதிக்குச் சந்தேகம் வந்தது. தம்பியை நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பல வருஷமாக அவள் செய்துவந்த வேலை.

மனச்சிதைவு என்று டாக்டர்கள் பெயர் சொல்வதற்கு முன்பே ஊர் அந்த நோய்க்கு ஒரு பெயர் வைத்திருந்தது: 'நடக்கிறான்'. முத்தமிழ் காலேஜ் முடித்த வருஷம், அவனுக்கு மட்டும் கேட்கிற குரல்கள் வந்தன. அவை நட என்றன, நடந்தான். உடையார்பாளையத்தை ஒட்டிய அவர்கள் ஊரிலிருந்து ஒருநாள் ஜெயங்கொண்டம் வரைக்கும், இன்னொருநாள் அதையும் தாண்டிக் கொள்ளிடத்துப் பாலம் வரைக்கும், காலில் செருப்பில்லாமல். தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அம்மா இருந்தவரைக்கும் வெளிக்கேட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். அம்மா போனபிறகு, உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டிருந்த லீலாவதி தம்பியைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்தாள். பூட்டும் சாவியும் கூடவே வந்தன.

அப்புறம் மாத்திரை வேலை செய்தது. குரல்கள் அடங்கின. முத்தமிழும் அடங்கினான். கட்டிலில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். கேட்டைப் பூட்டவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. நோய் குணமாகிவிட்டது என்று லீலாவதி எடுத்துக்கொண்டாள். ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது.

அரியலூர் டாக்டரம்மா ஹேமலதா மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எடை பார்க்கும் மெஷினில் முத்தமிழை ஏறச் சொன்னார். அவன் ஏறினான். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, அவனை ஒருமுறை இறங்கி மறுபடி ஏறச் சொன்னார்.

"இந்த மாத்திரையால பசி கூடும், எடை ஏறும். அதுக்காக மாத்திரைய நிறுத்தவே கூடாது, நல்லா வேலை செய்யுது. ஆனா இவர் நடக்கணும். சுகர் பார்டர்ல நிக்குது."

"பார்டர்னா இன்னும் வரலைங்களே."

"இப்படியே உக்காந்திருந்தா வந்துடும். திட்டாதீங்க, இது சோம்பேறித்தனம் இல்ல. எது மேலயும் ஆசை வராம இருக்கிறதும் இந்த நோயோட சேந்ததுதான். யாரோடயாவது சேத்து நடக்க விடுங்க." டாக்டர் பேனாவை மூடினார். "பயப்படாதீங்க, ஒண்ணு சொல்றேன். இந்த நோய் உள்ளவங்க நெறைய பேர் இதால போறதில்லம்மா. சுகர், ஹார்ட்டுன்னு வந்து, மத்தவங்களுக்கு முன்னாடியே போயிடறாங்க. வூட்ல யாரும் அந்தப் பக்கம் பாக்கறதில்ல."

பயப்படாதீங்க என்று ஆரம்பிக்கிற பேச்சு எதற்காக ஆரம்பிக்கப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். லீலாவதி பயந்தாள். அம்மா அவனை அவளிடம் விட்டுப்போனது, அவன் முன்னாடியே போவதற்காக இல்லை. பக்கத்து நாற்காலியில் முத்தமிழ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். லீலாவதி முந்திரிப் பட்டறையில் உடைக்கப் போகிறவள்; ஓடு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் தட்டுகிற இடத்தில் தட்டினால் பருப்பு முழுசாக வந்துவிடும் என்பது அவள் அனுபவம். தம்பியிடம் எங்கே தட்டுவது என்றுதான் தெரியவில்லை. முதலில் சும்மா சொன்னாள். பிறகு கத்தினாள். திட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, அதையே மெதுவான குரலில் திட்டினாள். ஏரிக்கரை வரைக்கும் போய்வந்தால் சாயங்காலம் புரோட்டா என்றாள். எடையைக் குறைக்கப் புரோட்டா வாங்கித் தருவதில் உள்ள கோளாறு அவளுக்கு இரண்டாவது நாள்தான் உறைத்தது.

அப்புறம் ஒரு தந்திரம் செய்தாள். உப்பு வாங்கிவா என்று கடைக்கு அனுப்பினாள். வந்ததும் புளி. வந்ததும் தீப்பெட்டி. முத்தமிழ் மூன்றாவது தடவை போனபோது, ஒரு மாதத்துக்கு வேண்டிய சாமான் முழுவதையும் கடைக்காரரிடம் சொல்லி, அவர் வண்டியிலேயே ஏற்றி, தானும் ஏறிக்கொண்டு வந்து இறங்கினான். புத்தி கெட்டவன் என்று அவனை யார் சொன்னது என்று லீலாவதிக்கு அன்றைக்கு ஆத்திரமாக வந்தது.

லாரி ஓட்டுகிற அவள் புருஷன் சிமெண்ட் லோடு இறக்கிவிட்டு வந்தவர், போனில் உடற்பயிற்சி வீடியோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு பெண் கையை வீசிக் காலைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். முத்தமிழ் கட்டிலில் சாய்ந்து முழுக்கப் பார்த்தான். முடிந்ததும், "பாவம், மூச்சு வாங்குது" என்று போனைத் திருப்பிக் கொடுத்தான்.

கடைசியில் லீலாவதி தானே அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். தெரு முனை வரைக்கும் நல்லபடியாகத்தான் போயிற்று. அங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கி, "என்ன முத்தமிழு, தூரமா?" என்றார்.

கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். அதனால் அந்தப் பக்கத்தில் 'தூரமா' என்றுதான் கேட்பார்கள். அது கேள்வியே இல்லை, மரியாதை. எல்லோரும் "சும்மா, இப்படித்தான்" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். யாரும் எங்கே என்று தொடர மாட்டார்கள். முத்தமிழ் அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்தான். அந்த வேகத்தைப் பார்த்தால் இவனுக்கா நடக்க வராது என்று தோன்றும்.

"ஏன்டா திரும்பிட்ட? அவரு என்ன கேட்டுட்டாரு இப்ப?"

முத்தமிழ் கட்டிலில் உட்கார்ந்தான். அவன் பதில் சொல்ல எப்போதும் நேரமாகும். லீலாவதி காத்திருந்தாள்.

"எல்லாரும் சும்மா இப்படின்னு சொல்லிட்டுப் போறாங்க. நான் சொன்னா உனக்குப் போன் வரும்."

அது உண்மைதான். 'தம்பி ரோட்ல நடந்து போவுது, பாத்துக்கங்க' என்று எத்தனையோ போன் வந்திருக்கிறது. சொன்னவர்கள் எல்லாம் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள்.

"நடந்தப்ப புடிச்சாந்து பூட்டி வெச்சீங்க. இப்ப உக்காந்திருந்தா நடக்கலன்னு சத்தம் போடுற. எதாவது ஒண்ண முடிவு பண்ணுங்கக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னான்.

லீலாவதி அடுப்படிக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அந்த ஊரில் கையில் கூடையோடு நடக்கிறவன் சந்தைக்குப் போகிறான். மண்வெட்டியோடு நடக்கிறவன் கொல்லைக்காட்டுக்குப் போகிறான். வெறுங்கையோடு நடக்க எல்லோருக்கும் பாத்தியதை உண்டு, அவள் தம்பியைத் தவிர. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று அவளுக்குத் தெரியும். ஊர்க் கண்ணுக்கும் கிடையாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

விடிகாலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றபோது வழி தென்பட்டது. சுகர்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

மூன்று பேர். முன்னால் அரங்கநாதன், ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், கையில் நாயை விரட்ட ஒரு குச்சி. அடுத்து உரக்கடை பாலசுந்தரம். பின்னால், சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற புவனேஸ்வரி, சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு. மூன்று பேரும் கூடையோ மண்வெட்டியோ இல்லாமல் கையை வீசிக்கொண்டு, எங்கேயும் இல்லாத ஓர் இடத்துக்கு விறுவிறுவென்று போய், அங்கே ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தார்கள். ஒருத்தர்கூட அவர்களைத் தூரமா என்று கேட்கவில்லை. மாட்டுக்காரரே, "சாருக்கு இந்த மாசம் எவ்வளவு இருந்துச்சு?" என்று விசாரித்தார். ஹெட்மாஸ்டர் நின்று, வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபிறகு எவ்வளவு என்று பரீட்சை மார்க் வாசிப்பதுபோல் வாசித்தார்.

லீலாவதி குடம் நிரம்பி வழிந்ததையும் பார்க்கவில்லை. பார்டரில் நின்ற தம்பியை அந்த இடத்திலேயே சுகர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"சார், எங்க தம்பிக்கும் சுகருங்க. டாக்டரு நடக்கச் சொல்லிட்டாங்க."

"அப்படியா?" என்றார் அரங்கநாதன். முகத்தில் உண்மையான வருத்தமும், கொஞ்சம் மலர்ச்சியும் சேர்ந்து தெரிந்தன. "அனுப்பி வைம்மா. வயசு கம்மி, கட்டுப்படுத்திடலாம்."

அடுத்து நடந்ததை லீலாவதி எதிர்பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமாகத் தம்பிக்கு எப்படி இருக்கிறது என்று அவள் வீட்டுப் படியேறிக் கேட்டவர் ஒருவரும் இல்லை. மனசில் நோய் என்றால் ஊருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சுகர் என்றதும் ஊரே டாக்டர் ஆகிவிட்டது. ஒருத்தி வெந்தயம் கொண்டுவந்தாள். ஒருவர் ஆவாரம்பூவைப் பறித்துவந்து கொடுத்துக் கஷாயம் வைக்கும் முறையையும் சொல்லிவிட்டுப் போனார். பாலசுந்தரம் பெரம்பலூரில் தான் பார்க்கிற டாக்டரைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எல்லோரும் முத்தமிழின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். பைத்தியம் என்ற இடத்திலிருந்து சுகர்காரர் என்ற இடத்துக்கு அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. லீலாவதி டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சர்க்கரை போடுவதா வேண்டாமா என்று ஒவ்வொருவரையும் கேட்டுப் போடவேண்டியிருந்தது.

"எனக்குச் சுகரா?" என்று முத்தமிழ் அவளைத் தனியாகக் கேட்டான்.

"பார்டர்ல இருக்குன்னு டாக்டரு சொன்னாங்கல்ல, அதான்."

அவன் யோசித்தான். "சரி" என்றான். மறுநாள் விடிகாலை, அவள் புருஷன் பெரம்பலூரிலிருந்து வாங்கிவந்த ஷூவைப் போட்டுக்கொண்டு தானாகவே கேட்டைத் திறந்துகொண்டு போனான். போன் ஒன்றும் வரவில்லை.

முதல் சில நாள், கூட்டத்துக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளியே வந்தான் என்று புவனேஸ்வரி சொன்னாள். அப்புறம் அவர்களாலேயே அவன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. முந்திரிக் காடு வரைக்கும் அவன் ஒருமுறை போய்த் திரும்பி வரும்போது, இவர்கள் பாதிதான் வந்திருப்பார்கள். அவன் மறுபடி இவர்களோடு சேர்ந்துகொண்டு போவான். ஹெட்மாஸ்டர் அவனை மெதுவாக நடக்கச் சொல்லிக் கண்டித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வீட்டில் சாப்பிடும்போது அவன் பேச ஆரம்பித்தான். பேச்செல்லாம் பாலசுந்தரத்தின் சுகரைப் பற்றித்தான். "அண்ணன் நேத்து கல்யாண வூட்ல ரெண்டு ஜாங்கிரி தின்னுட்டாரு. புவனேஸ்வரியக்கா கண்டுபுடிச்சிட்டாங்க" என்பான். ஊரில் யாருக்கு எவ்வளவு என்பது அவனுக்கு அத்துப்படியாயிற்று. இதைவிடச் சுவையான பேச்சை லீலாவதி அதுவரை கேட்டதில்லை. சட்டை தொளதொளத்தது. வேட்டி மடிப்பு ஒரு சுற்று கூடியது. மாத்திரை சாப்பிடு என்று அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை. சுகர்காரர்கள் மாத்திரையைத் தவறவிட மாட்டார்கள் என்று அவனே எடுத்துப் போட்டுக்கொண்டான்.

சில மாதம் கழித்து அரியலூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்டைப் பார்த்த டாக்டர் ஹேமலதா எழுந்தே நின்றுவிட்டார்.

"முத்தமிழ், உங்களுக்குச் சுகர் இல்ல. பார்டர்லகூட இல்ல. இப்படியே நடங்க, விட்டுடாதீங்க."

லீலாவதி மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டாள். தம்பியைப் பார்த்தாள். வேலையை விட்டு நிறுத்திய ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பஸ் தத்தனூர் தாண்டும்வரை அவன் ரிசல்ட் பேப்பரையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "எனக்குச் சுகர் இல்லையாமே" என்றான்.

"நல்லதுதானடா."

"நீதான இருக்குன்னு சொன்ன."

"வந்துடும்னு சொன்னாங்க. வரல. கும்பிடற சாமி கைவிடல."

"சார்கிட்டச் சொல்லிடணும்."

"எதுக்குச் சொல்லணும்? உன்கிட்ட யாரு கேக்கப்போறாங்க? நீ பாட்டுக்குப் போ, நீ பாட்டுக்கு வா."

"கேப்பாங்க. ரத்தம் பாத்துட்டு வந்தா எவ்வளவுன்னு எல்லாரும் சொல்லணும்" என்றான் முத்தமிழ். "பாலசுந்தரம் அண்ணன் நெசமாவே சுகர் வெச்சிருக்காரு. அவருகூடப் போயி நான் இருக்குன்னு சொல்லிட்டு நடக்கறது தப்பு."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். இங்கே சுகரை விரட்டினால் நடையைக் காணோம். பழையபடி கட்டில், பழையபடி மின்விசிறி. அப்புறம் உண்மையிலேயே சுகர் வரும், அதற்குப் பின்னால் டாக்டர் சொன்ன மற்றது வரும். சுகர் இல்லாமல் போனதற்காக ஒருத்தி பஸ்ஸில் உட்கார்ந்து கண் கலங்குவதை யாரிடம் சொல்வது? லீலாவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் முத்தமிழ் எழுந்தான். சுகருக்கென்று வாங்கிய ஷூவை எடுத்தான். பார்த்தான். திரும்ப வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். லீலாவதி பால் வாங்கப் போகிற சாக்கில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

பால் சொசைட்டி வாசலில்தான் சுகர்காரர்கள் கூடுவார்கள். மூன்று பேரும் வந்திருந்தார்கள். முத்தமிழ் அவர்கள் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சார், எனக்குச் சுகர் இல்லையாம். அக்கா தெரியாம சொல்லிடுச்சு."

மூன்று தலைகளும் லீலாவதியின் பக்கம் திரும்பின. அவள் வாளி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"எவ்வளவு இருந்துச்சு?" என்றார் அரங்கநாதன். முத்தமிழ் சொன்னான். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபிறகு எவ்வளவு. பாலசுந்தரம்தான் தாங்கமாட்டாமல் கேட்டார்.

"என்னப்பா சாப்பிட்ட? அந்த ஆவாரம்பூவா?"

"அதெல்லாம் ஒண்ணும் சாப்பிடலண்ணே. தெனம் நடந்தேன். அவ்வளவுதான்."

"நாங்களும்தான் நடக்குறோம்" என்றார் பாலசுந்தரம் குறையாக.

"நீங்க ஜாங்கிரி வரைக்கும் நடக்குறீங்க" என்றாள் புவனேஸ்வரி.

அரங்கநாதன் குச்சியை ஊன்றி நின்றார். வகுப்பில் பெயர் இல்லாத பையன் ஒருவன் வந்து உட்கார்ந்திருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி முத்தமிழைப் பார்த்தார். "சரி, சுகர் இல்லன்னு ஆயிடுச்சு. நல்ல விஷயம். அப்ப நீ வூட்டுக்குப் போறதுதானே?"

முத்தமிழ் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றான். லீலாவதி நடுவில் புகுந்து, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஏற்கெனவே ஒன்று சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறது என்று வாயை மூடிக்கொண்டாள்.

"என்னப்பா, நடக்கணுங்கிறியா?" என்றார் ஹெட்மாஸ்டர். "சுகரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதுக்கு நடக்கணும்?"

முத்தமிழ் யோசித்தான். அவன் யோசிப்பதற்கு அவர்கள் பழகியிருந்தார்கள். மூன்று பேரும் பொறுமையாக நின்றார்கள். ஒரு பால் வண்டி வந்து கேன்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"நல்லா இருக்கு சார்" என்றான் முத்தமிழ்.

அந்தக் கூட்டத்தில் அப்படியொரு காரணம் யாருக்கும் இருந்ததில்லை. அவர்களுக்கு நடை என்பது தின்றதற்கான தண்டனை. பாலசுந்தரம், தன்னைக் கிண்டல் செய்கிறானோ என்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை. எத்தனையோ வருஷம் பிள்ளைகளை எதற்கு, எதற்கு என்று கேட்டுப் பழகிய அரங்கநாதன், இந்தப் பதிலுக்கு எதற்கு என்று கேட்காமல் ஊன்றிய குச்சியைத் தூக்கிக்கொண்டார்.

"வெயில் வந்துடும், நடங்க" என்றாள் புவனேஸ்வரி.

நான்கு பேரும் நடந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே முத்தமிழ் அவர்களை விட்டு முன்னால் போய்விட்டான். செருப்புக் காலோடு, கையை வீசிக்கொண்டு, முந்திரிக் காட்டுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தான். அவன் எங்கே போகிறான் என்று லீலாவதி கழுத்தை நீட்டிப் பார்க்கவில்லை.

தம்பி எதையும் நல்லா இருக்கு என்று சொல்லி அவள் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தீபாவளிச் சட்டையைச் சொன்னதில்லை. அவள் வைக்கிற கருவாட்டுக் குழம்பு மூன்று தெருவுக்கு மணக்கும், அதையும் சொன்னதில்லை. முதலில் அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தோடேயே தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதாள்.

பால் ஊற்ற வந்த பெரியம்மாள் பதறிப்போய்க் கிட்டே வந்தாள். "என்னடி ஆச்சு? தம்பிக்குச் சுகர் ஏறிடுச்சா?"

"இல்லையாம்."

"அப்பறம் எதுக்கு அழுவுற?"

"நடக்கறது நல்லா இருக்காம்."

இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று பெரியம்மாளுக்கு விளங்கவில்லை. லீலாவதி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனாள்.